மேட்டுக்கும் குளத்துக்கும் நடுவில்

ஜனவரி 22, திங்கள்

ரப்பர் பூட்ஸ் இன்னும் காயவில்லை. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து பால்கனியில் தலைகீழாக வைத்திருக்கிறேன். தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறாள். பல் டாக்டர் கிளினிக்கில் நாள் முழுக்கத் திறந்த வாய்களைப் பார்க்கிறவளுக்குச் சேற்று நாற்றம் தாங்கவில்லையாம்.

குளத்து வேலை பாதி முடிந்தது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட குளம். அதன் கிழக்கே புது நகரியம் வரப்போகிறது. அடுக்குமாடி, பள்ளிக்கூடம், கடைகள், எல்லாம். இதனால் குளத்து உயிர்களுக்கு என்ன ஆகும், என்ன செய்தால் அவை தப்பிக்கும் என்று எழுதித் தரச் சொல்லிக் கட்டுமான நிறுவனம் எங்கள் அலுவலகத்தை அமர்த்தியிருக்கிறது. எழுதுவது நான்.

நிறுவனத்தைவிட நாய்கள்தான் எனக்கு இப்போது எதிரி. இன்று மட்டும் நாணலுக்குள் இரண்டு நீர்க்கோழிகளைக் கடித்துப் போட்டிருந்தன. நகரியம் வந்தால் குப்பை வரும், குப்பை வந்தால் இன்னும் நாய் வரும். இதற்கு ஒரு வழி பண்ணியாக வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

அறிக்கை கொடுத்தாயிற்று. எங்கள் டைரக்டருக்கு நானும் தங்கையும் வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'. குட்மார்னிங் சொல்வதற்குள் "அது முடிஞ்சுதா?" என்பார். இன்று அவரே நின்று நிதானமாகப் படித்தார். வேலியைப் பற்றி நான் எழுதிய பக்கத்தில் விரலை வைத்து, "இதுதாம்மா வேலை. இப்படி எழுதினாத்தான் எவனும் ஏமாத்த முடியாது" என்றார்.

உண்மைதான். 'வேலி போட வேண்டும்' என்று மொட்டையாக எழுதினால் நாலு கம்பத்தை நட்டுக் கயிறு கட்டிவிட்டுப் போவார்கள். முன்பு ஒரு நாரைக் குளத்தில் பட்ட அனுபவம். அதனால் குளத்தின் எல்லை முழுக்கச் சுற்றி, ஆள் உயரத்துக்கு மேல், நெருக்கமான வலை, நாய் குழி பறித்து நுழையாதபடி அடியில் இடைவெளியே இல்லாமல் முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட், மேற்கே சாலைப் பக்கம் ஒரே ஒரு கதவு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். பறவைகளுக்கு எட்டுப் பக்கம். வேலிக்கு ஒன்றரைப் பக்கம்.

ஆமைகளுக்கு ஒரு பத்தி. குளிரில் அவை கட்டையில் ஏறி வெயில் காய்வதோடு சரி, வேறு என்ன பார்க்க முடியும்? பிடித்து, ஓட்டின் விளிம்பில் அரத்தால் சின்னக் குறி போட்டு விட்டேன், அடுத்த முறை அதே ஆமையா என்று தெரிவதற்கு. முட்டையிடுவது மழைக்குப் பிறகு. 'குளத்தின் கரையில் இடக்கூடும்' என்று எழுதினேன். மழை வரை காத்திருக்க 'அவசரம்' விடுவாரா என்ன!

ஏப்ரல் 18, வியாழன்

வேலி நிற்கிறது! நான் எழுதியது எழுதியபடி. நகரியத்துக்கு அனுமதி கொடுக்கும் குழு என் வாசகத்தை அப்படியே நிபந்தனையாக ஏற்றுக்கொண்டதாம். வாழ்க்கையில் முதல் தடவை, நான் எழுதிய ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கிறேன். நிறுவனத்தின் சைட் இன்ஜினியர், தலைமுடியைப் படிய வாரிய நல்ல பிள்ளை, டேப் வைத்து அளந்து காட்டினார். "மேடம், ஒரு அங்குலம் குறைஞ்சாலும் நீங்க திட்டுவீங்கன்னு பயந்தே கட்டினோம்."

குளத்துக் காவலாளி அண்ணன் காலில் பழைய நாய்க்கடித் தழும்பு உண்டு. "இனிமே தடி இல்லாம நடக்கலாம் மேடம். நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டார். கூச்சமாகப் போய்விட்டது. ஆனாலும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

மே 27, திங்கள்

முதல் மழை. துணி எல்லாம் நனைந்தது. தங்கைக்கும் எனக்கும், யார் எடுத்திருக்க வேண்டும் என்று சண்டை.

மே 29, புதன்

வேலி கட்டியபின் நிலைமை எப்படி என்று பார்க்கப் போனேன். நாணலுக்குள் நீர்க்கோழிக் குஞ்சுகள். நாய்த் தடம் ஒன்றுகூட இல்லை. விசில் அடித்துக்கொண்டே கிழக்குப் பக்கம் நடந்தேன்.

வேலியோரம் ஓர் ஆமை. கான்கிரீட்டை முட்டிக்கொண்டு நடக்கிறது. வழி தவறியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. முட்டுகிறது, திரும்புகிறது, வேலியை ஒட்டியே போகிறது, மறுபடி முட்டுகிறது. சேற்றில் ஒரு ஒற்றையடிப் பாதையே விழுந்திருக்கிறது, வேலி நெடுக.

ஒன்றைத் தூக்கினேன். பின்னங்காலுக்கு முன்னால் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் உள்ளே முட்டை இருப்பது தெரியும். இருந்தது. எண்ணி முடியாமல் இருந்தது.

கரையில்தானே இட வேண்டும்? கரையைப் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் கல் பதித்த கரை, கல்லுக்கும் வேலிக்கும் நடுவில் தண்ணீர் தேங்கும் சேறு. குளிர்காலம் முழுக்க நான் நடந்த அதே கரை. ஆமை இதில் எப்படிக் குழி தோண்டும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையே, ஏன்?

மேற்குக் கதவு வழியாக வெளியே வந்து, குளத்தைச் சுற்றிக் கிழக்கே போனேன். அங்கே ஒரு மண்மேடு. எப்போதோ குளத்தைத் தூர்வாரிக் கொட்டிய மண். குளத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் யார் கணக்கிலும் வராத புறம்போக்கு மேடு. முள்ளை விலக்கிக் கையால் கிளறினேன். வெள்ளை வெள்ளையாக, காய்ந்து சுருண்ட முட்டை ஓடுகள். இங்கே, அங்கே, மேடு பூரா. எத்தனையோ வருடத்து ஓடுகள்.

அவை குளத்தில் வாழ்கின்றன. மேட்டில் பிறக்கின்றன. நடுவில் என் வேலி.

மே 30, வியாழன்

நான்தான் எழுதினேன். இடைவெளியே கூடாதுன்னு. நான்தான்.

ஜூன் 3, திங்கள்

சைட் இன்ஜினியரைப் பார்த்தேன். தகரக் கொட்டகை, மின்விசிறி, மேஜையில் நகரியத்தின் பெரிய வரைபடம். மண்மேடு இருக்கும் இடத்தில் கார் நிறுத்தம் என்று போட்டிருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழக்குப் பக்கம் நாலைந்து இடத்தில் கான்கிரீட்டை உடைத்து வழி விட்டால் போதும், இந்தச் சீசன் தப்பும் என்று கெஞ்சினேன்.

அவர் மறுக்கவே இல்லை. முகம் வாடிவிட்டது.

"மேடம், எனக்கு ஒரு மணி நேர வேலை. ஆனா அந்த வேலில நான் கை வெச்சா நிபந்தனைய மீறினதா ஆகும். மொத்த அனுமதியும் போயிடும். நீங்க வனத்துறைகிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க, நானே நின்னு உடைக்கிறேன்."

கத்திவிட்டு வரலாம் என்று போனேன். கத்துவதற்கு அங்கே ஆளே இல்லை.

ஜூன் 6, வியாழன்

துறை அதிகாரி டீ வரவழைத்துக் கொடுத்தார். முட்டை ஓடுகளை ஒரு டப்பாவில் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நீங்க சொல்றது சரிதாம்மா" என்றார். அப்பாடா என்று இருந்தது. அப்புறம் சொன்னார்:

"ஆனா நிபந்தனை போட்டது குழு. எடுக்கணும்னாலும் குழுதான் எடுக்கணும். அடுத்த கூட்டம் செப்டம்பர்ல."

"அதுக்குள்ள முட்டையிடற காலமே முடிஞ்சிடும் சார்."

"தெரியுதும்மா. நான் என்ன செய்யட்டும்?"

உண்மையாகவே கேட்டார். பதில் இருந்தால் சொல்லியிருப்பேன். முட்டைகளை எடுத்து நாமே மண்ணில் புதைத்துப் பொரிக்க வைக்கலாமா என்றேன். அதற்குத் தனி அனுமதி, அதுவும் குழுவிடமே. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

தங்கையை இழுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். அனுமதி இல்லாமல் ஆமையைக் குளத்துக்கு வெளியே தூக்கிப் போகக் கூடாதுதான். தெரிந்தே செய்தேன், எழுதியும் வைக்கிறேன்.

நான் வேலியோரம் நடந்த ஆமையைத் தூக்கி, கதவு வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் மேட்டில் வைத்தேன். தங்கை குடையைப் பிடித்துக்கொண்டு, "பிரசவ வார்டுக்கு வந்தாச்சு, தைரியமா இரு தாயி" என்று அதனிடம் சொன்னாள். தலையை உள்ளே இழுத்த ஆமை வெகுநேரம் அசையவில்லை. முட்புதருக்குப் பின்னால் ஒளிந்து நின்றோம். கடைசியில் தலை நீட்டியது. சுற்றும் முற்றும் பார்த்தது. குழி தோண்டவில்லை. நேராகக் குளத்தைப் பார்த்து நடந்து, வேலியின் வெளிப்பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

இன்னொன்றைக் கொண்டுபோனோம். அதுவும் அப்படியே. பயந்த ஆமை முட்டையிடாது, தண்ணீரைத்தான் தேடும். படித்ததுதான். படித்ததையெல்லாம் நான் காலம் கடந்துதான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டையும் தூக்கிக் குளத்தில் விட்டோம். திரும்பும்போது தங்கை வேலியைக் காலால் உதைத்துப் பார்த்தாள். "கொஞ்சம் லூசா கட்டச் சொல்லியிருக்கக் கூடாதா நீ? இவ்ளோ கெட்டியாவா?" என்றாள். விளையாட்டாகத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அவள் குடையை விரித்து என்னை மறைத்துக்கொண்டாள், பஸ்ஸுக்குள்ளேயே.

ஜூன் 20, வியாழன்

ஆழமில்லாத தண்ணீரில் முட்டைகள். கல்லுக்கு நடுவில், வெள்ளையாக, அடியில் கிடக்கின்றன. அடக்க முடியாமல் தண்ணீரிலேயே போட்டுவிட்டன. தண்ணீரில் விழுந்த ஆமை முட்டை பிழைக்காது. உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் செத்துவிடும்.

காவலாளி அண்ணன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "அடடே, முட்டை போட்டிருக்கே! இனி குட்டி வந்துடுமா மேடம்?"

வராதுண்ணே என்று சொல்ல வாய் வரவில்லை. பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 21, வெள்ளி

அலுவலகம் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

ஓர் ஆசை மிச்சம் இருந்தது. எங்காவது ஒரு ஓட்டை வழியாக ஒன்றாவது வெளியே போயிருக்காதா? மேட்டில் ஒரே ஒரு புதுக் கூடு கிடைத்தால் போதும். கூடு இருக்கும் இடத்தைத் தொடக் கூடாது என்பது சட்டம். மேடு தப்பும். மேடு தப்பினால் வேலியில் வழி விடச் சொல்லிக் கேட்க நியாயம் கிடைக்கும், அடுத்த வருடமாவது நடக்கும்.

ஒரு வாரமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். சதுரம் சதுரமாகக் கயிறு கட்டி, மண்டி போட்டு. முழங்கால் இரண்டும் தோல் உரிந்துவிட்டது.

ஒன்றும் இல்லை. இருக்காது. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

குழுக் கூட்டம். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். படங்கள் காட்டினேன், ஓடுகளைக் காட்டினேன், வேலியோரத்துப் பாதையைக் காட்டினேன். என் தவறு என்றே ஆரம்பித்தேன். ஒருவரும் குத்திக் காட்டவில்லை, ஒருவர் "பரவால்லம்மா" என்றுகூடச் சொன்னார்.

தலைவி கேட்டார்: "இந்த சீசன்ல மேட்டுல எத்தனை கூடு பார்த்தீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். வேலி இருந்ததால—"

"காரணம் அப்புறம். கூடு இருந்துதா, இல்லையா?"

"இல்ல."

"இந்த ஓடெல்லாம்?"

"பழசு. வேலிக்கு முந்தினது."

"பழசுன்னா காக்கா தூக்கிட்டு வந்து போட்டிருக்கலாம் இல்லையா? நான் சொல்லல, நிறுவனத்து வக்கீல் சொல்வாரு. நடப்பு சீசன்ல பார்த்ததைத்தான் நாங்க கணக்குல எடுக்க முடியும்."

அவர் சொன்னதில் என்ன பொய்? விதியைப் படித்துக் காட்டினார். அந்த விதி நல்ல விதி. பழைய எலும்பையும் இறகையும் கொண்டுவந்து போட்டு ஏமாற்றிய ஆட்களால் வந்த விதி. என் இடத்தில் வேறொருத்தி இருந்து, நான் குழுவில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

முடிவு: மேட்டில் கூடு இல்லை, ஆகவே மேடு வேண்டியதில்லை. மேடு இல்லை, ஆகவே வேலியில் வழி வேண்டியதில்லை. வெளியே வழி விட்டால் ஆமைகள் கார் நிறுத்தத்துக்குப் போய் அடிபடும், அது தப்பு. மூன்றும் சரி. எங்கே பிடித்து உலுக்குவது என்றே தெரியவில்லை.

ஆமைகளின் எண்ணிக்கையை அவ்வப்போது கண்காணிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். குறைந்தால் மறுபடி பேசலாமாம்.

செப்டம்பர் 27, வெள்ளி

'நடப்புப் பருவத்தில் மேட்டுப் பகுதியில் கூடுகள் எவையும் காணப்படவில்லை.'

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் இந்த ஒரு வாக்கியத்தை எழுத நாள் முழுக்க ஆயிற்று. 'வேலியின் காரணமாக' என்று முன்னால் சேர்த்தேன். 'அவசரம்' அதை மட்டும் அடித்தார். "பார்த்ததை எழுதும்மா. காரணத்தை நீ பார்க்கலையே. குழு கேட்டதும் அதுதானே?" கோபமாகச் சொல்லவில்லை. என் மேஜையில் ஒரு காபி வைத்துவிட்டுத்தான் போனார்.

கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் தங்கை, "போடலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"வேற ஒருத்தர் போய்ப் பார்ப்பாங்க. அவங்களும் ஒண்ணும் இல்லன்னுதான் எழுதுவாங்க. இல்லையே அங்க!"

"அப்ப நீ போட்டா?"

"கண்காணிக்கற வேலையாவது என்கிட்ட இருக்கும்."

அவள் என் முழங்காலுக்கு மருந்து தடவிவிட்டாள். ஆறிப்போன காயம், மருந்து வேண்டியதே இல்லை.

செப்டம்பர் 30, திங்கள்

போட்டுவிட்டேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

மேட்டை நிரவுகிறார்கள். வர வேண்டாம் என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. மண் அள்ளும் இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து வழித்துக்கொண்டே வந்தது. லாரியில் கொட்டும்போது மண்ணோடு வெள்ளையாகச் சிதறியது. தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்புக் கல் என்று நினைப்பார்கள்.

சைட் இன்ஜினியர் வந்து பக்கத்தில் நின்றார். தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல பிள்ளை. மத்தியானத்துக்குள் இடம் தட்டையாகிவிட்டது.

வயிறு எரியுது. யாரைத் திட்டறதுன்னு தெரியாம எரியுது.

பிப்ரவரி 5, வியாழன்

இந்த நோட்டைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அலமாரியை ஒழிக்கும்போது தங்கை எடுத்துக் கொடுத்தாள்.

இந்த வாரம் முழுக்கக் குளத்தில் ஆமை எண்ணும் வேலை. நகரியத்தில் குடி வந்துவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், சிலர் வலையில் மூக்கை வைத்து என்னை வேடிக்கை பார்த்தார்கள். பறவைகள் ஏராளம். நாய் ஒன்றுகூட இல்லை.

பிடித்த ஆமை ஒவ்வொன்றின் ஓட்டிலும் என் அரம் போட்ட குறி இருந்தது. ஒவ்வொன்றையும் எனக்குத் தெரியும். எல்லாம் கொழுகொழுவென்று, எடை கூடி, ஆரோக்கியமாக இருக்கின்றன. குறி இல்லாத ஆமை ஒன்றும் வரவில்லை. குட்டிகளுக்கென்று சின்னக் கண் வைத்த வலையைத் தனியாகப் போட்டேன். மீன் விழுந்தது. தவளை விழுந்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று போட்டுப் பார்த்தேன்.

காவலாளி அண்ணன் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணாவது குறைஞ்சிருக்கா மேடம்?"

"இல்லண்ணே. அப்படியே இருக்கு."

"எப்படிக் குறையும்? மழை விட்டா வேலியோரமா வந்து அலையுதுங்க பாவம், வழி தெரியாம. நான்தான் ஒவ்வொண்ணாத் தூக்கித் தண்ணியில விட்டுடறேன். நீங்களும் தங்கச்சியும் அன்னிக்கு விட்டீங்களே, பார்த்தேன்."

அவர் முகம் அவ்வளவு பெருமையாக இருந்தது.

"நல்லா பார்த்துக்கறீங்கண்ணே" என்றேன்.

"ஆமைக்கு ஆயுசு கெட்டி இல்ல?"

"ஆமாண்ணே. இன்னும் முப்பது வருஷத்துக்கு இதே கணக்குதான் வரும்."

"அப்புறம் என்ன கவலை!" என்று எழுந்து, வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கதவைப் பூட்டப் போனார்.

அலுவலகம் வந்து எழுதினேன்: 'எண்ணிக்கையில் குறைவில்லை.' குட்டிகள் இல்லாததைப் பற்றித் தனியே ஒரு பத்தி சேர்த்தேன். 'அவசரம்' அதை அடிக்கவில்லை, அது நான் பார்த்ததுதானே. படித்துவிட்டு, எண்ணிக்கை குறைந்தால்தானே குழு மறுபடி பேசும் என்றார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் வேறொரு குளத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறார், அங்கேயும் பக்கத்தில் நகரியம் வருகிறதாம். இந்த வேலியை அங்கே மாதிரியாகக் காட்டப்போகிறார்கள்.